சீசன் தொடங்கிவிட்டது, காட்டுக்குள் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேட்டைப் பருவமும் காட்டுத்தீக் காலமும் ஒரே மாதங்களில் வந்து மோதுகின்றன. வறட்சி ஆண்டு என்றால் இது பற்றிய கேள்விகளும் கூடிவிடும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: கலிபோர்னியாவில் மான் வேட்டைக்கு டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) வாங்கியிருக்கிறேன். காட்டுத்தீ பரவினால் சீசனைத் தள்ளிவைப்பார்களா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

தள்ளிவைப்பது அரிது. சீசன் தேதியைக் குறிப்பது மாநில வனவிலங்குத் துறை. காட்டுக்குள் ஆளை விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது நிலத்தை நிர்வகிப்பவர். தேசியக் காடு என்றால் கூட்டரசின் வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ், மற்ற கூட்டரசு நிலங்களில் பெரும்பகுதிக்கு பி.எல்.எம். (நில மேலாண்மைத் துறை), தனியார் நிலம் என்றால் மரக் கம்பெனியோ பண்ணைக்காரரோ. இவர்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரே அறிவிப்பாக விடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். 2020 செப்டம்பரில் கலிபோர்னியாவின் 18 தேசியக் காடுகளும் மூடப்பட்டன. 2021-இல் ஆகஸ்ட் 31 இரவு தொடங்கி சுமார் இரண்டு வாரம், அநேகமாக எல்லாக் காடுகளும் மீண்டும் மூடிக்கிடந்தன. இப்படி மூடும்போது காலண்டரில் சீசன் பாட்டுக்கு ஓடும், டேக் வைத்திருப்பவர் வாசலில் நிற்பார். அதிகம் அடிபடுவது வில்வேட்டைக்காரர்கள்தான். அவர்களுடைய நாட்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் விழுகின்றன.

பணத்தைப் பொறுத்தவரை கலிபோர்னியாவில் ஒரு விதி உண்டு. உங்கள் வேட்டைப் பகுதியின் பொதுநிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, சீசனிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நாட்கள் நுழைய முடியாமல் போயிருந்தால், பயன்படுத்தாத டேக்கைத் திருப்பிக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். அது தானாக வராது. புகைக்குப் பயந்து நீங்களே போகாமல் இருந்தால் அது இதில் சேராது. மற்ற மாநிலங்களின் விதிகள் வேறு. டேக் எடுக்கும்போதே படித்துவிடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பகுதியின் வரைபடத்தில் எந்தத் துண்டு யாருடையது என்று நிறம் பிரித்துக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய ரேஞ்சர் அலுவலக எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள். தேசியக் காடு மூடினால் பி.எல்.எம். நிலம் திறந்திருக்கலாம், மாற்று இடம் அங்கிருந்துதான் கிடைக்கும். செய்தித் தலைப்பை நம்பாமல் மூடல் ஆணையையும் அதனுடன் வரும் வரைபடத்தையும் பாருங்கள். எல்லை பெரும்பாலும் ஒரு சாலையையோ மலைமுகட்டையோ ஒட்டிப் போகும். சாலையின் எந்தப் பக்கம் மூடியது என்பது ஆணையில்தான் இருக்கும். தனியார் நிலமானால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரேகானில் மரக் கம்பெனிகள் தீ அபாயம் ஏறியதும் கேட்டைப் பூட்டிவிடுகின்றன. மொன்டானாவில் ‘பிளாக் மேனேஜ்மென்ட்’ திட்டத்தில் பொதுமக்களுக்கு நிலத்தைத் திறந்துவிடும் பண்ணைக்காரர்களும் அப்படியே மூடலாம்.

கேள்வி: போன வாரம் நல்ல மழை. ஆனாலும் கேம்ப்ஃபயர் தடையை எடுக்கவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம்?

நனைந்தது புல் மட்டும்தான். தீயணைப்புத் துறையினர் காய்ந்த எரிபொருளைத் தடிமனை வைத்துப் பிரிக்கிறார்கள். கால் அங்குலத்துக்கும் மெல்லிய புல், சுள்ளி ‘1 மணி நேர’ வகை. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். கால் முதல் ஒரு அங்குலம் வரை ‘10 மணி நேரம்’, ஒன்று முதல் மூன்று அங்குலம் வரை ‘100 மணி நேரம்’. மூன்று முதல் எட்டு அங்குலத் தடிமனுள்ள கட்டைகள் ‘1,000 மணி நேர’ வகை, அதாவது ஆறு வாரக் கணக்கு. மாதக்கணக்கில் உலர்ந்த கட்டையின் உட்புறத்தை ஒரு நாள் மழை தொடுவதேயில்லை. காலையில் ஈரமாக இருந்த புல் மறுநாள் பிற்பகல் மறுபடி பற்றும். பற்றிய தீ கட்டையைப் பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

தடையில் பொதுவாக இரண்டு படிகள் உண்டு. முதல் படியில், நிரந்தர நெருப்பு வளையம் உள்ள அங்கீகரிக்கப்பட்ட முகாம்களில் மட்டும் கேம்ப்ஃபயர் போடலாம். காட்டுக்குள் நாமாக அமைக்கும் முகாமில் கூடாது. புகைபிடிப்பதும் வண்டிக்குள், கட்டடத்துக்குள், அல்லது மூன்று அடி விட்டத்துக்கு வெறும் மண்ணாகச் சுத்தம் செய்த இடத்தில்தான். இரண்டாம் படியில் கேம்ப்ஃபயர் எங்குமே இல்லை. வால்வைத் திருகி உடனே அணைக்கக்கூடிய கேஸ் ஸ்டவ்வைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். இரண்டாம் படியில் மரம் அறுக்கும் செயின்சாவுக்கும் பிற்பகல் 1 மணி முதல் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை தடை வரும்.

பலர் மாட்டிக்கொள்வது கூடாரத்துக்குள் வைக்கும் விறகு அடுப்பில். “உள்ளேதானே எரிகிறது” என்பார்கள். புகைக்குழாய் வழியாகப் பறக்கும் பொறி வெளியேதான் விழுகிறது. பல ஆணைகளில் முதல் படியிலேயே இது தடைக்குள் வந்துவிடும். ப்ரொபேன் ஹீட்டருக்கு மாறினால் கூடாரத்தில் மேலும் கீழும் காற்று போக இடம் விடுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள், தூங்கும்முன் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டு பட்டுத் தீப்பிடிக்கும் என்பது உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மை. ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனையில், ரைஃபிள் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறிய துண்டுகளை உலர்ந்த பீட் பாசியில் விழவைத்தார்கள். எஃகு கலந்த குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் அதிகமாகத் தீமூட்டின. மோதும் வேகம் உலோகத்தைச் சூடாக்குகிறது. ஈயத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் துண்டுகள் பெரிதாக உடைந்து சூட்டை நெடுநேரம் வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்பதால் அங்கே பெரும்பாலோர் செம்புக்குத்தான் போகிறார்கள். ஈயத்தடையில் குறையில்லை, வறட்சியில் இன்னும் கவனம் வேண்டும், அவ்வளவே. துப்பாக்கியின் சைட் (குறிபார்க்கும் கருவி) சரிபார்க்கச் சுடும்போது பின்னால் கல்லும் எஃகுத் தகடும் இல்லாத, வெறும் மண்மேடு உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். சுட்டு முடித்த பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். எரிந்தபடி பாயும் டிரேசர் குண்டு, வெடிக்கும் இலக்கு இரண்டையும் தீக்காலத்தில் நினைத்தே பார்க்க வேண்டாம்.

குண்டைவிட வண்டியால் வரும் ஆபத்து அதிகம் என்பது எங்கள் எண்ணம். உயரமான காய்ந்த புல்லின்மேல் நிறுத்திய வண்டியின் அடியில் சூடேறிக் கிடக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) போதும், தீ பிடிக்க. நான்கு சக்கர ஏ.டி.வி.யில் எக்ஸாஸ்ட் மேல் புல் அடைத்துக் கருகி, சற்றுத் தள்ளிப்போய்த் தணலாக விழும். மணிக்கொரு முறை இறங்கித் தட்டிவிடுங்கள். ட்ரெய்லர் சங்கிலி ரோட்டில் உரசினாலும் பொறி பறக்கும், ஒரு முறுக்கு முறுக்கிச் சுருக்குங்கள். ஒரேகான் வனத்துறை பாதுகாக்கும் நிலங்களில், தீக்காலத்தில் சாலையை விட்டு இறங்கும் வண்டியில் மண்வெட்டியும், ஒரு கேலன் தண்ணீரோ 2.5 பவுண்டு தீயணைப்பானோ இருக்க வேண்டும், ஏ.டி.வி.க்குத் தீயணைப்பான் கட்டாயம். நாங்கள் சொல்வது ஐந்து கேலன். ஒரு கேலன் ஒரு கைத்துண்டளவு புல்லுக்கே சரியாகப் போய்விடும்.

கேள்வி: வழி தவறிவிட்டால் உதவிக்கு நெருப்பு மூட்டிச் சைகை காட்டலாமா?

வறட்சி ஆண்டில் வேண்டவே வேண்டாம். 2003 அக்டோபர் 25 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோ கவுன்ட்டியில் வழி தவறிய ஒரு வேட்டைக்காரர் மூட்டிய சைகை நெருப்புதான் ‘சீடர் ஃபயர்’ ஆனது. சுமார் 2,73,000 ஏக்கர் எரிந்தது. 15 பேர் இறந்தார்கள். விசில் (மூன்று ஊதல், இடைவெளி, மீண்டும் மூன்று), சைகைக் கண்ணாடி, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி, இரவுக் குளிருக்கு ஃபாயில் போர்வை. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோகூட வராது.

கேள்வி: வறட்சியில் எல்க் (பெரிய மான் இனம்), மான் எல்லாம் தண்ணீருக்கு வந்துதானே ஆகணும்? ஒரு குளத்தருகே உட்கார்ந்தால் போதாதா?

பாதி சரி. முதலில் அந்தக் குளம் இருக்கிறதா பாருங்கள். வரைபடத்தில் நீலமாகத் தெரிவதில் பல, வறட்சியில் வெடித்த சேறாகக் கிடக்கும். சீசனுக்கு இரண்டு வாரம் முன்பு ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். கரையில் கூர் மழுங்காத குளம்புத் தடமும் புதிய சாணமும் இருந்தால் மட்டும் பட்டியலில் வையுங்கள். மலை இடுக்கில் கசியும் சின்ன ஊற்று, சாலையோரப் பெரிய குளத்தைவிட நல்லது, ஏனென்றால் அங்கே ஆள் வராது.

அடுத்தது தீவனம். புல் முன்னதாகவே காய்ந்துபோனதால், பச்சை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே அவை நகர்ந்திருக்கும். வடக்கு பார்த்த சரிவுகள், நிழலான ஓடைக்கரைகள், உயரமான இடங்கள். பள்ளத்தாக்கில் பாசனம் பெறும் அல்ஃபால்ஃபா (தீவனப் பயிர்) வயல் இருந்தால் எல்க் கூட்டம் அங்கே இறங்கிவிடும். அது பெரும்பாலும் தனியார் நிலம். போன வருஷம் கூட்டமாகப் பார்த்த பொதுநிலம் இந்த வருஷம் காலியாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோடையிலேயே உரிமையாளரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். சீசன் முதல் நாள் கதவைத் தட்டினால் கிடைக்காது.

தண்ணீரை ஒட்டியே முகாம் போடக்கூடாது. அரிசோனாவில், விலங்குகளுக்கு வழி மறிக்கும்படி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் முகாமிடுவது சட்டப்படி குற்றம். அங்கே வறட்சியில் மாநிலத் துறையே லாரியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டிகளை நிரப்புகிறது. வேட்டைக்காக ட்ரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானே படமெடுப்பது) வைப்பதும் அங்கே 2022 முதல் கூடாது. கொம்பு விஷயத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் கிடைத்த தீவனம்தான் கொம்பாகிறது.

கேள்வி: குளக்கரையில் இரண்டு மூன்று வெள்ளைவால் மான்கள் செத்துக் கிடந்தன, காயம் எதுவும் இல்லை. தண்ணீரில் விஷமா?

கோடை இறுதியானால் முதல் சந்தேகம் இ.எச்.டி. என்ற வைரஸ் நோய்மேல். ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயின் நெருங்கிய உறவு இது. கொசுவைவிடப் பொடியான ஒரு கடிப்பூச்சி பரப்புகிறது. நீர்மட்டம் இறங்கி வெளிப்படும் சேற்றுக்கரைதான் அதற்கு முட்டையிடும் இடம். வறட்சியில் மான்களும் அதே கரையில் வந்து குவிகின்றன. காய்ச்சல் ஏறிய மான் குளிர்ச்சி தேடித் தண்ணீருக்கு வந்து அங்கேயே விழும். முதல் கடும் உறைபனி பூச்சியைக் கொன்றதும் நோயும் நிற்கும். மனிதருக்குப் பரவாது. ஆனாலும் தள்ளாடும், நாக்கு வீங்கிய மானைச் சுட்டு உண்ண வேண்டாம். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். சடலம் புதிதாக இருந்தால்தான் சோதனைக்கு உதவும்.

கேள்வி: விலங்குகளே தவிக்கும்போது வேட்டையை நிறுத்துவதுதானே நியாயம்?

நிறுத்துவதில்லை, டேக் எண்ணிக்கையை மாற்றுகிறார்கள். குட்டிகள் பிழைக்காமல் கூட்டம் சுருங்கியிருந்தால் டேக் குறையும். 2021-இல் யூட்டா மான் டேக்குகளைக் குறைத்தது. மேய்ச்சல் நிலம் தாங்காத அளவு கூட்டம் இருந்தாலோ பெண் விலங்குகளுக்கான டேக்கைக் கூட்டுவதும் உண்டு. ஏனென்றால் கொழுப்பில்லாமல் குளிர்காலத்துக்குள் போகும் கூட்டத்தில் பல பனியில் விழும். 1988-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வறட்சியும் பெருந்தீயும் சேர்ந்து மேய்ச்சலைக் குறைத்தபின் வந்த கடும் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான எல்க் மடிந்தன.

கேள்வி: எரிந்த காட்டில் அடுத்த வருஷம் வேட்டை நன்றாக இருக்குமாமே?

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. உயரமான மலைக்காட்டில் தீ திட்டுத்திட்டாக எரிந்திருந்தால் புல்லும் ஆஸ்பென் மரத் தளிரும் கிளம்பும், எல்க் வரும். எரியாத மரத்திட்டு ஓரம் போய்ப் பாருங்கள்; தீவனமும் மறைவிடமும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும். தாழ்வான சேஜ்பிரஷ் புதர்நிலம் எரிந்தால் கதை வேறு. அந்தப் புதர் வேரிலிருந்து மறுபடி துளிர்க்காது, அந்த இடத்தைச் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் பிடித்துக்கொள்ளும். அது கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து அடுத்த தீக்கு வழிவிடும். மியூல் மானுக்குக் குளிர்கால உணவு போய்விடும். நெவாடாவில் 2018-இன் மார்ட்டின் தீ சுமார் 4,35,000 ஏக்கரை இப்படித்தான் கொண்டுபோனது.

எரிந்த நிலத்தில் நடக்கும்போது காற்று எழுந்தால் வெளியேறிவிடுங்கள். நின்றபடி கருகிய மரங்கள் சத்தமில்லாமல் சாயும். வேர் எரிந்துபோன குழிகள் சாம்பலால் மூடியிருக்கும், கோல் ஊன்றிப் பார்த்து அடியெடுத்து வையுங்கள். சரிவின் அடியிலோ ஓடைப்படுகையிலோ கூடாரம் போடாதீர்கள். மண்ணைப் பிடிக்க வேர் இல்லாததால் மேலே பெய்யும் அரைமணி நேர மழைகூடச் சேறும் கட்டையுமாக இறங்கி வரும். வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள்.