அனுமானம்: எந்த அனுமானம்?

தருக்கத்தில் வரும் அனுமானமும் கோர்ட்டில் பேசும் அனுமானமும் ஒன்றுதானா?

இல்லை. புகையைக் கண்டு நெருப்பைத் துணிவது தருக்க அனுமானம். சைவ சித்தாந்தத்தில் ‘கருதல்’. அதற்கு வியாப்தி, அதாவது புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற மாறாத தொடர்பு, பிசகாமல் இருக்க வேண்டும். சட்ட அனுமானத்துக்கு அந்தக் கட்டாயமில்லை. இது நிரூபணமானால் அதை மெய்யென்று வைத்துக்கொள் என்று சட்டமே சொல்லிவிடும்.

நெருப்பைக் கண்டால் புகையை அனுமானிக்கலாமே?

கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? ஈர விறகு சேர வேண்டும். இப்படிக் கூடச் சேர வேண்டிய நிபந்தனைதான் உபாதி.

“சட்டம் அனுமானிக்கிறது” என்று வக்கீல் சொன்னார். அப்படியென்றால் கேஸ் முடிந்ததா?

எந்த அனுமானம் என்று கேட்டீர்களா? ‘அனுமானிக்கலாம்’ என்றால் நீதிபதியின் விருப்பம். திருட்டு நடந்த சூட்டில் பொருள் ஒருவர் கையில் இருப்பது போல. ‘அனுமானிக்க வேண்டும்’ என்றால் எதிர்த்தரப்பு முறியடிக்கும்வரை நிற்கும். ‘முடிவான நிரூபணம்’ என்றால் மறுப்புச் சாட்சியமே எடுபடாது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

பணமில்லாமல் திரும்பிய செக்குக்காக என்மேல் கேஸ். செக்கில் கையெழுத்து மட்டும் என்னுடையது. தப்பலாமா?

கையெழுத்தை ஒப்புக்கொண்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவு உங்கள்மேல் விழும்: கடனைத் தீர்க்கத்தான் செக் கொடுத்தீர்கள் என்ற அனுமானம். மீதியை வேறொருவர் நிரப்பினார் என்பது மட்டும் உதவாது. ஆனால் முறியடிக்க, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டாம். உங்கள் தரப்பு நம்பத்தக்கதாக இருந்தால் போதும். அவ்வளவு பணம் கொடுக்க வழக்குப் போட்டவருக்கு வசதி இருந்ததா என்று குறுக்கு விசாரணையிலேயே கேளுங்கள். பணம் கேட்டு அவர் அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் அனுப்பினீர்களா என்பதை எழுதவில்லை. முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

அண்ணன் காணாமல் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. போன அன்றே இறந்ததாக வைத்து பாலிசிப் பணம் கேட்கலாமா? பிரீமியம் அப்போதே நிறுத்திவிட்டோம்.

மாதம் தவறாமல் வரும் கேள்வி, மாதம் தவறாமல் அதே தவறு. பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 111, அனுமானிக்கச் சொல்வது ஆள் உயிரோடு இல்லை என்பதை மட்டும். இறந்த தேதியை அல்ல. என்றைக்கு இறந்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2004இல் உச்ச நீதிமன்றம் எல்.ஐ.சி. வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: காணாமல் போன அன்றே இறந்தார் என்று கொள்ள முடியாது; பிரீமியம் நின்றதால் பாலிசி காலாவதியானால் ஆனதுதான். ஆகவே ஆளைக் காணோம் என்றதும் போலீசில் புகார், எஃப்.ஐ.ஆர். நகல், தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று, அதோடு பிரீமியம், பிரீமியம், பிரீமியம். ஏழு வருஷம் கழித்து, அவர் இருந்திருந்தால் செய்தி பெற்றிருக்கக்கூடிய நெருங்கிய உறவினர்களின் சாட்சியத்தோடு சிவில் கோர்ட்டில் விளம்புகை வழக்கு, அதாவது இறந்ததாக அறிவிக்கக் கோரும் வழக்கு. எப்போதோ பார்த்த பக்கத்து ஊர்க்காரர் சாட்சி போதாது.

குற்றமற்றவர் என்ற அனுமானம் இருந்தும் ஜாமீன் ஏன் மறுக்கிறார்கள்?

நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதை அது சொல்கிறது. ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்பது வேறு கணக்கு.