நெருக்கடியில் பிடி இறுகுமா, தளருமா?

அன்புள்ள சார்,

கொரோனா காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் பட்ஜெட் விதிகளை ஓரமாக வைத்தது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஆனால் 2010-இல் கிரீஸ் தவித்தபோது ஓய்வூதியத்தைக்கூட வெட்ட வைத்தார்களே? நெருக்கடி வந்தால் நாடுகளின் பட்ஜெட்மீதான இந்த வெளிக் கண்காணிப்பு இறுகுமா, தளருமா? சின்ன நாட்டுக்கு ஒரு நியாயம், பெரிய நாட்டுக்கு ஒரு நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2003-இல் ஜெர்மனியும் பிரான்சும் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 3 சதவீதம் என்ற பட்ஜெட் பற்றாக்குறை வரம்பைத் தாண்டி நின்றன. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அடுத்த நடவடிக்கைக்குப் போகப் பார்த்தது. உறுப்பு நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி அதை நிறுத்திவைத்தார்கள். அந்த முடிவு செல்லாது என்று 2004-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அப்புறம் என்ன, 2005-இல் விதியையே இளக்கிவிட்டார்கள். 2016-இல் பிரான்சுக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்டபோது, ஆணையத் தலைவர் யுங்கர் ஒளிக்காமல் சொன்ன பதில்: அது பிரான்ஸ் என்பதால். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

கிரீஸ் விஷயம் வேறு. 2009 அக்டோபரில் அங்கே பதவிக்கு வந்த புதிய அரசு, பற்றாக்குறை முந்தைய அரசு சொன்னதைவிட இரண்டு மடங்கு என்று அறிவித்தது. அடுத்த சில மாதங்களில் சந்தையில் கட்டுப்படியாகும் வட்டிக்குக் கடன் கிடைக்கவில்லை. 2010 மே மாதம் யூரோ நாடுகளும் ஐஎம்எஃபும் (சர்வதேச நிதியம்) 11,000 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டன, ஆனால் தவணை தவணையாக. ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐஎம்எஃப் மூன்றும் சேர்ந்த ‘ட்ரொய்கா’ ஏதென்ஸுக்கு வந்து, செலவைக் குறைக்கும் நிபந்தனைகள் நிறைவேறினவா என்று கணக்குப் பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த தவணை. ஓய்வூதியம் வெட்டப்பட்டது இந்த வழியில்தான். பட்ஜெட் விதிகளுக்கு அவ்வளவு பலம் என்றுமே இருந்ததில்லை. பற்றாக்குறை வரம்பைத் தாண்டியதற்காக ஒரு நாடுகூட இதுவரை அபராதம் கட்டியதில்லை. 2016-இல் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டுக்கும் அபராதம் போடும் கட்டம் வந்தது. பூஜ்யம் என்று தீர்மானித்தார்கள். (2015-இல் ஸ்பெயின் கட்ட நேர்ந்த அபராதம், வலென்சியா மாகாணக் கணக்கைத் தவறாகக் காட்டியதற்கு.)

கிரீஸ் கொடுத்த பயத்தில் எல்லோருக்கும் பிடியை இறுக்கினார்கள். 2011-க்குப் பிறகு, தண்டனைக்கு ஆணையம் பரிந்துரைத்தால் அதைத் தடுக்கத்தான் உறுப்பு நாடுகளின் பெரும்பான்மை வேண்டும், ஏற்கப் பெரும்பான்மை தேவையில்லை. 2013 முதல் யூரோ நாடுகள் தங்கள் பட்ஜெட் வரைவை அக்டோபர் 15-க்குள் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். 2018-இல் இத்தாலியின் வரைவைத் திருப்பியே அனுப்பினார்கள். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் அதே 2011 சட்டங்களுக்குள் ஒரு சின்னக் கதவும் இருந்தது: ஒன்றியம் முழுக்கக் கடும் சரிவு வந்தால் வரம்பிலிருந்து விலகலாம். ஒன்பது வருடம் யாரும் தொடவில்லை. 2020 மார்ச்சில் திறந்த கதவு 2023 கடைசிவரை திறந்தே இருந்தது. அடி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழுந்ததால் கைநீட்டிக் குற்றம் சொல்ல ஆளில்லை.

அதைத் தளர்வு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதே வருடம் ஒன்றியம் தன் பெயரில் கடன் வாங்கி 75,000 கோடி யூரோ மீட்பு நிதி திரட்ட முடிவு செய்தது. அதில் பங்கு வேண்டுமென்றால் நாடுகள் சீர்திருத்தத் திட்டம் தர வேண்டும்; ஒவ்வொரு இலக்கையும் எட்டினால்தான் பணம். அதிகம் பெறும் இத்தாலி, நீதிமன்றத் தாமதத்தைக் குறைப்பதுவரை எழுதிக்கொடுத்திருக்கிறது. பட்ஜெட்டைத் திருப்பியனுப்பி மிரட்டியதைவிட, என் பார்வையில், இது ஆழமான தலையீடு. ட்ரொய்கா காலத்து முறைதான். மரியாதையாக நடக்கிறது, அவ்வளவே.

உங்கள் பெரிய நாடு, சின்ன நாடு கேள்விக்கு இப்போது ஒரு சோதனை நடக்கிறது. விதிகளை 2024-இல் திருத்திய பிறகு, அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸ் உட்பட ஏழு நாடுகள்மீது, வரம்பை மீறியதற்கான ‘மிகைப் பற்றாக்குறை’ நடவடிக்கை தொடங்கியது. பிரான்ஸ் விஷயத்தில் அது அபராதம்வரை போகுமா? நான் பந்தயம் கட்ட மாட்டேன்.