சிகரெட் பாக்கெட் நடிகை கார்டு: முன்பணம் கேட்டா குடுக்காதீங்க

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: கார் பூட் சேல்ல (கார் டிக்கியைத் திறந்து வெச்சு பழைய சாமான் விக்கிற சந்தை) வாங்கின தகர டப்பாவுக்குள்ள ஆக்டன்ஸ் கினி கோல்ட் சிகரெட் கார்டு ஒரு கட்டு இருந்துச்சாம், முக்கால்வாசி மேடை நடிகைங்க போட்டோ. "ரொம்ப அபூர்வம், கிரேடிங் பண்ணி ஏலத்துல விடலாம், முன்பணம் கட்டுங்க"ன்னு ஒரு ஏஜென்ட் சொல்றாராம். (கிரேடிங்னா கார்டோட தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுறது.) கட்டலாமா?

கட்டாதீங்க. அபூர்வமாவது ஒண்ணாவது! லிவர்பூல் ஆக்டன் கம்பெனி 1890கள் நடுவுல ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல இதைப் போட்டுத் தள்ளிச்சு, பேப்பர் பாக்கெட் நசுங்காம இருக்க உள்ள ஒரு அட்டை வேணும், அதுல நடிகை முகத்தைப் போட்டா ஆம்பளைங்க செட் சேர்க்க அடுத்த பாக்கெட்டும் வாங்குவாங்க, அவ்ளோதான் கணக்கு. சாதாரண கார்டுன்னா கிரேடிங் ஃபீஸே அதோட விலையை முழுங்கிடும், ஆனா ஃபீஸ் வாங்குறவன் அதைச் சொல்ல மாட்டான்.

அசலான்னு பார்க்க ஒரு லென்ஸ் போதும். கினி கோல்ட் நிஜ போட்டோ பிரிண்ட், கன்னத்து நிழல் புள்ளியே இல்லாம வழவழன்னு இறங்கும். வரிசையா புள்ளி தெரிஞ்சா மறுபதிப்பு. கம்பெனி பேர் முன்பக்கமே இருக்கும், பின்னாடி பெரும்பாலும் வெறும் அட்டைதான், அதைப் பார்த்து பயப்படாதீங்க.

பின்னாடி பசை இருந்தா கார்டு செத்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா 1930கள்ல வந்த பல கார்டு வேற. அப்போ கம்பெனியே ஆல்பத்துல ஒட்ட வசதியா பின்னாடி பசை தடவித்தான் பாக்கெட்ல வெச்சான், பிளேயர்ஸ் சிகரெட் கம்பெனி 1938ல விட்ட சினிமா ஸ்டார் செட் மாதிரி. ஒட்டாம அப்படியே இருந்தா அது குறையே இல்ல, இது தெரியாம ஈரத்துணியால துடைச்சு நாசம் பண்றாங்க, ஏற்கனவே ஆல்பத்துல ஒட்டினதைப் பிய்க்கிறவங்க அதுக்கும் மேல. ரெண்டும் வேணாம், ஓரத்தை வெட்டி சீர் பண்றதும் வேணாம்.

கேட்டலாக்ல (கார்டு விலைப் பட்டியல் புத்தகம்) இருக்கிற விலையைப் பார்த்தும் மயங்காதீங்க, அது கடைக்காரன் நல்ல கார்டை உங்களுக்கு விக்கிற விலை, உங்ககிட்ட வாங்கும்போது அதுல பாதி கூட வராது. ஆன்லைன்ல கேக்குற விலையை விட்டுட்டு வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க, "ரேர்"னு போடாத ஆளே அங்க கிடையாது. விக்கணும்னா கட்டா ஒரே லாட்டா போடுங்க. "பார்த்துட்டு தரேன்"னு யாராவது எடுத்துட்டுப் போறதா இருந்தா ஒவ்வொண்ணையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, எண்ணிக்கை எழுதி கையெழுத்து வாங்கிட்டுக் குடுங்க.