ஓசோன் ஓட்டையால் கண்ணில் சதை வளருமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் 20 வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறார். வலது கண்ணில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் சதை வளர்ந்து, கண் அடிக்கடி சிவந்து உறுத்துகிறது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். போட்டால் சிவப்பு குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. பத்தாவது படிக்கும் மகள், 'ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால்தான் இப்படி' என்கிறாள். பக்கத்து வீட்டில் 'பூ விழுந்துவிட்டது' என்கிறார்கள். பார்வை போய்விடுமா டாக்டர்?

பதில்: மகள் பாடத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறாள், இடம்தான் மாறிவிட்டது. அந்த ஓட்டை நம் தலைக்கு மேல் இல்லை. அது அண்டார்டிகாவுக்கு மேலே, ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஓசோன் மிகவும் மெலிந்துபோகும் பகுதி. 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதைப் பற்றி வெளியிட்டார்கள். பழைய ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பாக்களில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள்தான் காரணம் என்று தெரிந்து, 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அவற்றை ஒழித்து வருகிறார்கள். ஓட்டையும் மெதுவாக ஆறி வருகிறது.

உங்கள் கணவரின் கண்ணுக்கு வருவோம். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு வார்டு ஊழியர் நள்ளிரவில் கண்ணைத் திறக்க முடியாமல் வந்தார். மிளகாய்ப் பொடியைத் தூவியதுபோல் எரிகிறது என்று துடித்தார். ஆபரேஷன் தியேட்டரில் கிருமிகளைக் கொல்ல, ஆள் இல்லாத நேரத்தில் ஒரு புற ஊதா விளக்கைப் போடுவோம். அது எரிவதைக் கவனிக்காமல் உள்ளே நின்று தரையைத் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த விளக்கிலிருந்து வரும் 'சி' வகைக் கதிர் சூரியனிலிருந்தும் கிளம்புகிறது. ஆனால் ஒரு துளிகூடத் தரைக்கு வருவதில்லை. மேலே 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கும் ஓசோனும், கூடவே ஆக்சிஜனும் அதை முழுதாக விழுங்கிவிடுகின்றன. நம் டிஎன்ஏவை அதிகம் சிதைக்கக்கூடிய அலைவரிசை எதுவோ, கிட்டத்தட்ட அதையேதான் ஓசோனும் நன்றாக உறிஞ்சுகிறது. எனக்கு இது இன்றும் வியப்புதான். ஏனென்றால் அவ்வளவு ஓசோனையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும்.

அடுத்தது 'பி' வகை. இதில் பெரும்பகுதியை ஓசோன் தடுத்துவிடுகிறது, கொஞ்சம் கசிகிறது. 'ஏ' வகை ஏறக்குறைய அப்படியே வருகிறது. பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நமக்கு ஓசோன் இயற்கையாகவே சற்று மெலிது, உச்சி வெயிலோ நேராக இறங்கும். காலையில் கதிர் சாய்ந்து வருவதால் ஓசோனுக்குள் அதிக தூரம் கடந்தாக வேண்டும். மதியம் அந்தத் தூரம் குறைவு. இதோடு உப்பளத்தில் மேலிருந்து வரும் வெயில் போதாதென்று, பாத்தியிலிருந்தும் உப்புக் குவியலிலிருந்தும் கீழிருந்து வேறு கண்ணில் அடிக்கிறது. தொப்பி இதைத் தடுக்காது. 20 வருடம் இப்படி வாங்கிய கண்ணில் சதை வளர்வதில் ஆச்சரியம் இல்லை.

இதை நாங்கள் டெரிஜியம் என்போம். 'பூ' வேறு, இது வேறு. மூக்குப் பக்கமே ஏன் வருகிறது என்றால், காதுப் பக்கமிருந்து நுழையும் வெளிச்சத்தைக் கருவிழி ஒரு லென்ஸ்போல வளைத்து எதிர் ஓரத்தில் குவித்துவிடுகிறது. அதனால் கண்ணாடி வாங்கும்போது பக்கவாட்டையும் மூடும் மாதிரி, 'யுவி 400' என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருட்டில் கண்பாப்பா விரிந்து கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

பார்வை பொதுவாகப் போகாது. சதை ஓரத்திலேயே நின்றால் கண்ணாடியும் உறுத்தலுக்கான சொட்டு மருந்துமே போதும். கருவிழியின் நடுவை நோக்கி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அறுவை சிகிச்சை செய்யலாம். சதையை வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் கண்ணின் மேல்பகுதியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுவார்கள். அபூர்வமாகப் புற்றுநோயும் இதே மாதிரி தோன்றும் என்பதால், கண் மருத்துவர் ஒருமுறை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்துதான். அது ஸ்டீராய்டாக இருந்தால், மாதக்கணக்கில் போடும்போது கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். சதையால் போகாத பார்வை அதனால் போகலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.