‘எக்சூமா’ உலகில் எவ்வளவு வசூலித்தது? – கேள்வி பதில்

2024 பிப்ரவரி 22 அன்று தென் கொரியாவில் வெளியான ‘எக்சூமா’ என்ற பேய்ப் படத்தின் வெளிநாட்டு வசூலைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கொரியத் திரைப்பட வணிகத்தைத் தொடர்ந்து கவனித்துவரும் மூத்தவர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கோவை வாசகர்): ஐயா, படத்தின் உலக வசூல் எவ்வளவு? அதில் வெளிநாடுகளின் பங்கு என்ன?

பதில்: உலக வசூல் சுமார் 9.7 கோடி டாலர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. தென் கொரியாவில் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 19 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். மொத்த வசூலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான். இந்த விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் படம் எடுபடவில்லை என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் தலா 20 லட்சத்துக்கும் அதிகமானோர் திரையரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். இரண்டையும் கூட்டினால் அது கொரியப் பார்வையாளர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அவ்விரு நாடுகளிலும் டிக்கெட்டின் சராசரி விலை கொரியாவில் உள்ளதைவிட மிகவும் குறைவு என்பதால், அவ்வளவு பெரிய கூட்டம் டாலர் கணக்கில் சிறிதாகத் தெரிகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): கொரியர்கள் பணத்தைச் சொல்லாமல் பார்வையாளர் எண்ணிக்கையையே ஏன் சொல்கிறார்கள்?

பதில்: கொரியத் திரைப்பட மன்றம் நடத்தும் ஒருங்கிணைந்த கணினி வலையத்தில் நாடெங்கும் விற்கும் டிக்கெட்டுகள் பதிவாகின்றன, ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டிக்கெட் விலை ஆண்டுதோறும் மாறினாலும் தலைக்கணக்கு மாறாது என்பதால் பழைய படத்தையும் புதிய படத்தையும் நேர்மையாக ஒப்பிட முடிகிறது. அங்கே 1 கோடி பேர் என்பதுதான் பெரும் வெற்றிக்கான எல்லை. ‘எக்சூமா’ அதை மார்ச் 24 அன்று, அதாவது 32ஆம் நாளில் கடந்தது. இயக்குநர் ஜாங் ஜே-ஹியுனின் முதல் படத்தை 2015இல் சுமார் 54 லட்சம் பேரும், 2019இல் வந்த இரண்டாவது படத்தை சுமார் 24 லட்சம் பேரும் பார்த்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்தாலும் எட்டாத உயரத்தை மூன்றாவது படம் தொட்டது.

கேள்வி (மதுரை வாசகி): இந்தோனேசியாவும் வியட்நாமும் இந்தப் படத்தை ஏன் இவ்வளவு விரும்பின?

பதில்: இந்தோனேசியாவில் பேய்ப் படத்துக்கென்றே பெருங்கூட்டம் காத்திருக்கிறது; 2022இல் உள்நாட்டுப் பேய்ப் படம் ஒன்றை 90 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். பிப்ரவரி 28 அன்று அங்கே வெளியான ‘எக்சூமா’, அந்நாட்டில் அதிகம் பேர் பார்த்த கொரியப் படமாகியது. ஆஸ்கர் வென்ற ‘பாரசைட்’கூட அங்கே இதற்குப் பின்னால்தான்.

வியட்நாமுக்கு இன்னும் ஆழமான காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் செல்வக் குடும்பம் ஒன்றின் கைக்குழந்தையைப் பேய்த் தொல்லை பிடிக்க, மூதாதையின் கல்லறையைத் தோண்டி இடம் மாற்றப் போவதுதான் கதை. வடக்கு வியட்நாமில், புதைத்துச் சில ஆண்டுகள் கழித்துக் குழியைத் திறந்து, எலும்புகளைக் கழுவி, வேறு இடத்தில் மறுபடி அடக்கம் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கல்லறைக்கு ராசியான நிலம் பார்ப்பதும் அங்கே வாழும் நம்பிக்கை. சோய் மின்-சிக் நடித்த நிலம் பார்க்கும் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து நாவில் வைத்துச் சுவைக்கும் காட்சியை யாரும் அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிம் கோ-யுன் நடித்த சாமியாடிப் பெண், வெட்டிய பன்றிகளின் நடுவே கத்தியோடு ஆடும் சடங்கும் அப்படித்தான்.

வணிகக் காரணத்தையும் விட்டுவிட முடியாது. வியட்நாமின் பெரிய திரையரங்குச் சங்கிலிகளான சிஜிவி, லோட்டே இரண்டும் கொரிய நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. கொரியப் படத்துக்குத் திரை கிடைப்பது அங்கே கடினமில்லை. ஆனால், திரை கொடுத்ததாலேயே 20 லட்சம் பேர் வந்துவிட மாட்டார்கள். அதே திரைகளில் கூட்டமில்லாமல் போன கொரியப் படங்களும் உண்டு.

கேள்வி (சேலம் வாசகர்): சீனாவில்?

பதில்: பொது வெளியீடு நடக்கவில்லை. 2016க்குப் பிறகு கொரியப் படங்களுக்கு அங்கே இடம் கிடைப்பதே அரிது. பேய் பிசாசுக் கதைகளுக்குத் தணிக்கைத் தடை வேறு.

கேள்வி (திருச்சி வாசகர்): வெளிநாட்டு வசூல் முழுவதும் தயாரிப்பாளருக்குப் போய்ச் சேருமா?

பதில்: சேராது. முதலில் அந்தந்த நாட்டுத் திரையரங்குகள் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மீதியில் உள்ளூர் விநியோகஸ்தர் விளம்பரச் செலவையும் தம் பங்கையும் கழித்துக்கொள்வார். உரிமையை ஒரே தொகைக்கு விற்றிருந்தால், படம் பிறகு எவ்வளவு ஓடினாலும் தயாரிப்பாளருக்குக் கூடுதலாக எதுவும் வராது. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையோடு (படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிடைக்கும் தொகை) வசூலில் பங்கும் பேசியிருந்தால் மட்டுமே வெற்றியின் பலன் அவரை வந்தடையும். ‘எக்சூமா’வைக் கொரிய விநியோக நிறுவனமான ஷோபாக்ஸ் 133 நாடுகளுக்கு விற்றது. பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டதும் அந்த விற்பனைக்குக் கைகொடுத்தது. உள்நாட்டில் முதலீடு திரும்பச் சுமார் 33 லட்சம் பேர் தேவைப்பட்ட படம் இது; ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த எண்ணிக்கை கிடைத்துவிட்டதால், வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் லாபத்தின் மேல் லாபம்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): 2016இல் வந்த கொரியப் படமான ‘ட்ரெயின் டு பூசான்’ இதைவிடப் பெரிய வெற்றி இல்லையா?

பதில்: மொத்த வசூலில் இரண்டும் ஏறத்தாழச் சமம், அந்தப் படமும் 9 கோடி டாலரைத் தாண்டியது. பரவலில் அதுவே முன்னால் நிற்கிறது என்பது என் கருத்து. ஓடும் ரயில், கடிக்கவரும் பிணங்கள், மகளைக் காக்கத் துடிக்கும் தந்தை ஆகியவை எந்த நாட்டுக்கும் புரியும். ஹாங்காங்கில் அன்றுவரை வெளியான ஆசியப் படங்களிலேயே அதிக வசூல் என்ற சாதனையை அது படைத்தது. அதன் தொடர்ச்சியாக 2020 ஜூலையில் வந்த ‘பெனின்சுலா’ பெருந்தொற்றில் சிக்கியதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது நியாயமாகாது.

கேள்வி (ஈரோடு வாசகி): கொரியாவின் ஜப்பானிய ஆட்சிக் கால வரலாறு தெரியாத வெளிநாட்டவருக்குப் படத்தின் பாதி புரியாதே?

பதில்: கொரியர்கள் மறுபடி மறுபடி பார்த்ததற்கு அந்த வரலாறு ஒரு முக்கியக் காரணம். பாத்திரங்களுக்கு விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. வண்டிகளின் எண்பலகைகளில் 0301, 0815, 1945 என்று வருகின்றன. முதலாவது ஜப்பானிய ஆட்சியை எதிர்த்த மார்ச் 1 எழுச்சி நாள், மற்ற இரண்டும் விடுதலை பெற்ற நாளும் ஆண்டும். இதையெல்லாம் பார்வையாளர்களே கண்டுபிடித்துப் பரப்பினார்கள். மார்ச் 1 விடுமுறை நாளில் மட்டும் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் படத்துக்குப் போனார்கள். வெளிநாட்டவர் இந்தக் குறிப்புகளைத் தவறவிட்டிருக்கலாம். ஆனால், மலைக்குள் ஜப்பானியர் அடித்து இறக்கிய இரும்பு முளையைத் தேடும் இரண்டாம் பாதி, வரலாறு தெரியாதவருக்கும் ஒரு திகில் கதையாகவே ஓடுகிறது. ஜப்பானிலேயே இந்தப் படம் 2024 அக்டோபரில் திரையரங்குகளில் வெளியானது.