கணினி கேள்வி–பதில்: பதிப்புகளுக்குள் ஒரு பஞ்சாயத்து

கேள்வி: பள்ளியில், கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினிகளில் 'ஆப்ட்' கட்டளை கொண்டு மென்பொருள் நிறுவிப் பழகினேன். கல்லூரியிலோ பைத்தானுக்குப் 'பிப்', ரஸ்டுக்குக் 'கார்கோ' என்று நிரல்மொழிக்கொரு பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறது. கோப்பை இறக்கி வைக்கிற வேலைக்கு இத்தனை பேர் எதற்கு?
— கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: இறக்கி வைப்பது அதன் வேலையில் எளிய பகுதி. ஆப்ட் கணினி முழுமைக்கும் பொறுப்பு. அது நிறுவும் நூலகத்தை, அதாவது ஆயத்த நிரல்களின் திரட்டை, பல மென்பொருள்கள் பொதுவில் பகிர்ந்துகொள்கின்றன. நிரல் எழுதுகிறவருக்கோ சென்ற ஆண்டு எழுதியது பழைய பதிப்போடும், இப்போது எழுதுவது புதிய பதிப்போடும் ஒரே கணினியில் ஓடியாக வேண்டும். அதனால்தான் மொழிக்குரிய பேக்கேஜ் மேனேஜர் ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊர்த் தேங்காய் மண்டிக்கு ரசீது நிரல் ஒன்று எழுதுவதாகக் கொள்வோம். அதற்கு 'அச்சு', 'வரைவு' என இரண்டு தொகுப்புகள் (பேக்கேஜ்கள்) தேவை. இரண்டுமே 'எழுத்துரு' என்ற மூன்றாவதைச் சார்ந்தவை. அச்சு, எழுத்துருவின் 2-க்குக் கீழான பதிப்பைத்தான் ஏற்கும். வரைவின் புதிய பதிப்போ 2-ஐக் கேட்கும். ஆகவே வரைவின் பழைய பதிப்புக்குப் பின்வாங்க வேண்டும். அது வேறொன்றின் பழைய பதிப்பைக் கேட்டால் அங்கும் பின்வாங்க வேண்டும். தொகுப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இந்தப் பஞ்சாயத்து கணிதக்காரர்கள் 'என்பி முழுமை' என்று வகைப்படுத்தும் கடினமான கணக்காகிவிடுகிறது. 2020-இல் 20.3 பதிப்பு வரும்வரை பிப் இதை முறையாகத் தீர்க்காமல், முதலில் எதிர்ப்பட்ட நிபந்தனையை வைத்தே பதிப்பைத் தேர்ந்துவிடும். பின்னால் வரும் முரண்பாடு சில சமயம் நிரல் ஓடும்போதுதான் தெரியவரும். கோ மொழி வேறு வழியில் போகிறது: எல்லோருடைய குறைந்தபட்சத் தேவையையும் நிறைவேற்றும் மிகப் பழைய பதிப்பையே எடுக்கிறது. கார்கோ, 1-உம் 2-உம் போன்ற ஒத்துப்போகாத பெரும்பதிப்புகள் இரண்டும் ஒரே நிரலில் இருக்க அனுமதிக்கிறது. எனக்குப் பிடித்தது 2018-இல் நாட்டலி வைசன்பாம் டார்ட் மொழிக்காக வடிவமைத்த 'பப்கிரப்' முறை. தீர்வு இல்லையென்றால் யாருடைய நிபந்தனை யாருடையதோடு மோதியது என்பதைப் படிப்படியாக எடுத்துச் சொல்லும். இன்று பைத்தானின் 'யுவி' கருவியும் அதையே பயன்படுத்துகிறது.

கேள்வி: பிறர் எழுதிய தொகுப்பை நம்பி நிரல் எழுதியபின், அவர் அதை நீக்கிவிட்டால்?
— தனிப்பயிற்சி ஆசிரியர், செங்கோட்டை

பதில்: நீக்கியிருக்கிறார்கள். 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்டின் 'என்பிஎம்' களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்பேட்' என்ற 11 வரித் தொகுப்பை அதை எழுதியவரே விலக்கிக்கொண்டார். எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. ஆனால் அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற நிரல்கள் உலகெங்கும் நிறுவ முடியாமல் நின்றன. அதன்பிறகு என்பிஎம் நீக்கும் விதியை இறுக்கியது. ரஸ்டின் களஞ்சியத்தில் ஒரு பதிப்பைத் 'திரும்பப் பெற்றாலும்', அது ஏற்கெனவே லாக் ஃபைலில் (தேர்ந்த பதிப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பில்) பதிவாகியிருக்கும் நிரல்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும்; புதியவை மட்டும் அதைத் தேர்வதில்லை. லாக் ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழிக்கும் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏல விலைகளைத் தொகுக்கப் பைத்தானில் சிறு நிரல் வைத்திருக்கிறேன். கடைக் கணினியின் பயனர் பெயர் மலையாள எழுத்தில் இருப்பதால் ஒரு பேக்கேஜ் மேனேஜர் பாதி வழியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசை உண்டு. ஆனால் நான் பொறியாளன் அல்லன்.
— ஏலக்காய்க் கடைக் கணக்கர், குமுளி

பதில்: நீங்கள் கையில் வைத்திருப்பதே நல்ல பங்களிப்பு. அந்தக் கருவியை எழுதுகிறவர்களின் கணினிகளில் பயனர் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும்; ஆதலால் இந்தக் கோளாறு அவர்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

நான் ஊகிக்கும் காரணம் இது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் துணைக்குறி சேராத ஒரு மலையாள எழுத்துக்கு, நம் தமிழ் எழுத்தைப் போலவே, மூன்று பைட்டுகள் வேண்டும். விண்டோஸின் பழைய குறியீட்டு அட்டவணைப்படி அவற்றைப் படிக்கும் நிரல், ஓரெழுத்தை மூன்று குறிகளாகப் பிரித்து, பயனர் பெயரிலுள்ள கோப்புறைக்குப் பதிலாக இல்லாத கோப்புறையைத் தேடி அலையும். அதை உறுதிப்படுத்த, கடைக் கணினியைத் தொடாமல் வேறொரு கணினியில் மலையாள எழுத்து ஒன்றே பெயராக உள்ள பயனரை உருவாக்கிப் பாருங்கள். பிழை மறுபடி வந்தால், கருவியின் பதிப்பு, விண்டோஸின் பதிப்பு, தட்டிய கட்டளை, வந்த பிழைச்செய்தி ஆகியவற்றை அப்படியே எழுத்தாக நகலெடுத்து, கருவியை எழுதுகிறவர்களுக்கு அனுப்பும் பிழை அறிக்கையில் சேருங்கள். பிழைச்செய்தியைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டாம். படத்திலுள்ள சொற்களைத் தேட முடியாது. அனுப்புமுன் இதே கோளாறை வேறு யாரேனும் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்து, இருந்தால் அதன்கீழே உங்கள் விவரத்தைச் சேருங்கள்.

கொஞ்சம் பைத்தான் தெரியும் என்பதால் இன்னும் ஒருபடி போகலாம்: மலையாளப் பெயருள்ள தற்காலிகக் கோப்புறையில் ஒரு தொகுப்பை நிறுவ முயன்று தோற்கும் சிறு சோதனை நிரலை எழுதிக் கொடுங்கள். திருத்தத்தைவிட அதைத்தான் பராமரிப்பாளர்கள் முதலில் விரும்புவார்கள். நாளை வேறொருவர் அதே இடத்தை மாற்றினாலும் கோளாறு திரும்பாமல் அது காக்கும். அவர்களில் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம், வந்தாலும் மாற்றி எழுதச் சொல்லலாம். அப்போது புதிதாக இன்னொரு கோரிக்கையைத் திறக்காமல், அனுப்பிய இடத்திலேயே திருத்தி அனுப்புங்கள்.