கல்லைப் புரட்டுமுன்

வணக்கம் ஐயா. நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் இருக்கிறேன். டிசம்பரில் இந்தியாவின் ஜெய்சல்மேர் போய்ப் பாலைவனப் பாம்புகளையும் ஓணான்களையும் பார்க்க ஆசை. என்ன லென்ஸ் நல்லது? கற்களைப் புரட்டினால் நிறையக் காணலாமாமே? நம் தேயிலை மலையில் பார்க்க ஒன்றுமில்லை.

அன்புள்ள தம்பி,

லென்ஸ் பேச்சை விடுங்கள், இருப்பது போதும். டிசம்பரில் மட்டும் போகாதீர்கள். தார்ப் பாலையின் குளிரில் முள்வால் ஓணான் வளையை விட்டு வெளியே வராது. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறியபின் வளை வாயில் உட்கார்ந்திருக்கும். சுருட்டை விரியனுக்கு மழை பெய்த ஓகஸ்ட் இரவுகள். காற்று எழும்புமுன் விடியலில் மணலைப் பாருங்கள். ஒன்றோடொன்று சேராத சாய்ந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால், சுருட்டை பக்கவாட்டில் நகர்ந்து போயிருக்கிறது. (அதற்காக இந்தியா வரை போகவும் வேண்டாம். நம் மன்னாரிலும் உண்டு.)

அந்தக் கல் விஷயத்துக்கு வருகிறேன். யார் தம்பி உங்களுக்கு இதைச் சொன்னது? பாலையில் கல்லுக்கடியில் ஒதுங்கும் பல்லிக்குப் பகல் வெயிலைத் தாங்க இருப்பது அந்த இடத்தின் குளிர்ச்சியும் கொஞ்ச ஈரமும்தான். கல் வருடக்கணக்காக மண்ணில் அழுந்தி உண்டாக்கிய இடுக்கு அது. புரட்டிவிட்டுக் கண்டபடி போட்டால் விளிம்பு பொருந்தாது, அனல் காற்றுப் புகும், ஈரம் காயும். ஒரு படத்துக்காக ஒரு வீட்டை இடிக்கிறீர்கள்.

பழகியவர்கள்கூட விரலை அடியில் விடமாட்டார்கள். நீண்ட கொக்கியை எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டித் தங்கள் பக்கம் சாய்ப்பார்கள். அப்போது காலுக்கும் பாம்புக்கும் நடுவில் கல் நிற்கும். உள்ளே பல்லி இருந்தால் அதை ஒதுக்கி, கல்லைப் பழைய தடத்திலேயே இறக்கி, பிறகு விளிம்போரம் விடுவார்கள். பல்லி இருக்கும்போதே கல்லை இறக்கினால் நசுங்கிவிடும். நீங்கள் புதியவர், புரட்டவே வேண்டாம்.

பாலையில் மட்டுமில்லை. கவ்வாத்து வெட்டிய (தேயிலைக் கிளை கழித்த) மலையில் சருகையும் கான் (வடிகால்) ஓரக் கல்லையும் கையால் கிளறும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அங்கேதான் மூக்கு நிமிர்ந்த சின்ன விரியன், சிங்களத்தில் குணகடுவா, சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும். சுருட்டைக் கடிக்கு உதவும் இந்திய விஷமுறிவு மருந்து இதன் கடிக்கு உதவாது. சிறுநீரகம் பழுதாகி இறந்தவர்கள் உண்டு. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"ஒன்றுமில்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மூக்கு நுனியில் கொம்பு வைத்த ஓணான் இனம் ஒன்று உலகத்திலேயே நம் மலைகளில்தான் இருக்கிறது. ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூடுபனி விலகி வெயில் விழும் நேரம், காட்டோரத்தில் பாசி படிந்த மரங்களைக் கண்மட்டத்தில் தேடுங்கள். மெதுவாகத்தான் நகரும், அதனால் பிடிப்பது சுலபம். பிடிக்காதீர்கள். மூன்று மீற்றர் தள்ளி நில்லுங்கள். மரத்தின் மறுபக்கம் சுற்றிக்கொண்டால் பின்னால் போகாமல் அசையாதிருங்கள். பொறுத்திருந்தால் பெரும்பாலும் தலையை நீட்டும்.